குழம்பு கேட்ட அம்பயர்

கபடி அம்பயர் என்றால் விசில் ஊத வேண்டும், கோட்டைப் பார்க்க வேண்டும், தோற்ற அணியிடம் வசவு வாங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எங்கள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஒரு அம்பயர் இருந்தார். அவர் இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு நாலாவதாக ஒன்றும் செய்வார். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு அணியையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருத்தன் முன்னாலும் போய் நின்று கேட்பார்.

“ஒங்க வீட்ல இன்னைக்கு என்ன கொழம்பு? தொட்டுக்க என்ன?”

பதிலை ஸ்கோர் ஷீட்டின் பின்பக்கம் பெயரோடு எழுதிக்கொள்வார். ஆட்டத்தில் எவனுக்காவது தலையில் அடிபட்டால் உடனே விசில். எதிராளியின் முழங்கால் பட்டாலும் சரி, பின்மண்டை தரையில் மோதினாலும் சரி. பையன் எழுந்து செம்மண்ணைத் தட்டிக்கொண்டு “ஒண்ணுமில்ல சார்” என்பான். அது அவர் காதிலேயே விழாது. காகிதத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, அதே கேள்வியை மறுபடி கேட்பார். முதலில் சொன்னதும் இப்போது சொன்னதும் ஒத்துப்போனால் ஆடலாம். பிசகினால் அன்றைக்கு அவன் கதை முடிந்தது. கேப்டன் காலில் விழுந்தாலும், ஊர்ப் பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தாலும் அவர் அசைய மாட்டார்.

எங்களுக்கு அவர் ‘கொழம்பு சார்’. பட்டாளத்திலிருந்து வந்தவர். மற்ற பட்டாளத்துக்காரர்கள் மாதிரி மீசையை முறுக்கிக்கொண்டு எல்லைக் கதை சொல்வார் என்று எதிர்பார்த்து டீ வாங்கிக் கொடுத்தவர்கள் எல்லாம் ஏமாந்தார்கள். “நான் லாரிதான்யா ஓட்டுனேன்” என்பார். டீயை மட்டும் குடித்துவிட்டுப் போய்விடுவார். தலையில் ஒரு முடி கிடையாது. காபந்து பண்ணுகிற சாமான் வெளியே தெரிய வேண்டும் என்று வழித்து வைத்திருக்கிறார் என்று பயல்கள் சொல்வார்கள். அந்த மண்டைக்கு மேல் எந்நேரமும் ஒரு ஹெல்மெட். ராஜபாளையத்தில் போலீஸைக் கண்டால்தான் மனிதர்கள் ஹெல்மெட்டைத் தேடுவார்கள். இவர் மொபெட்டை நிறுத்திவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் கழற்ற மாட்டார். கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டு டீ குடிப்பார். பார்க்கவே சிரிப்பாக இருக்கும். நாங்களும் ஒளிவு மறைவு இல்லாமல் சிரித்தோம்.

அவருடைய கேள்வியால் எத்தனை குடும்பத்து மானம் போயிருக்கிறது தெரியுமா? மகாராஜபுரத்தில் ஒரு போட்டி. மைக் செட்காரன் ஒருத்தன், ஏதோ வீரர்கள் அறிமுகம் நடக்கிறது என்று நினைத்து, கையில் மைக்கோடு அவர் பின்னாலேயே வந்துவிட்டான். ஊரிலேயே பெரிய வயல்காரர் முன்வரிசையில் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் மகன் முறை வந்தது. “என்ன கொழம்பு?” என்றார் இவர். “கொழம்பு இல்ல சார், நேத்து வச்ச ரசம். தொட்டுக்க ஊறுகா” என்றான் அவன். நாலு திசையிலும் கட்டியிருந்த குழாய் வழியாக ஊரே அதைக் கேட்டது.

ஆட்டம் முடிவதற்குள் அவன் அம்மா வந்துவிட்டாள். “எங்க வீட்டு அடுப்பங்கரையில ஒமக்கு என்னய்யா சோலி?” என்று கோர்ட்டுக்குள்ளேயே நின்று கேட்டாள்.

“அடுப்பங்கரை ஒங்களோடது தாயி. நான் வரமாட்டேன். இவன் மண்டை கோட்டுக்குள்ள வந்துட்டா அது என்னோடது” என்றார் இவர். அந்த அம்மா மகன் முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் போனாள்.

முதுகில் வைத்ததால் இவர் சும்மா இருந்தார். தலையில் ஒரு குட்டு வைத்திருந்தால் அங்கேயே ஒரு பஞ்சாயத்து நடந்திருக்கும். பிள்ளைகளைத் தலையில் குட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. பள்ளிக்கூட வாத்தியார்கள் இரண்டு பேரோடு அதற்காகவே பேச்சு வார்த்தையை நிறுத்தியிருந்தார். பிள்ளையார் கோவிலில் யாராவது வேகமாகக் குட்டிக்கொண்டால்கூட நின்று பார்ப்பார். “மெதுவாக் குட்டிக்கோங்க, அவரு கோவிச்சுக்க மாட்டாரு” என்று ஒரு தடவை முன்பின் தெரியாத ஆளிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். பிள்ளை விழுந்து மண்டை வீங்கினால் நம் பெண்கள் உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பார்கள், ரத்தம் வந்தால் காபித்தூளை அப்புவார்கள். அதைப் பார்த்தால் இவருக்குப் பொத்துக்கொண்டு வரும். “காபித்தூளை டம்ளர்ல போடுங்கம்மா, பிள்ளைய டாக்டர்ட்ட காட்டுங்க” என்பார்.

அய்யனார் கோவில் பக்கம் ஆற்றில் தண்ணீர் வந்திருந்த ஒரு நாள் நாங்கள் கூட்டமாகக் குளிக்கப் போயிருந்தோம். அவரும் வந்திருந்தார். குளிக்கும்போது மட்டும் ஹெல்மெட் இல்லை. இரண்டு சின்னப் பையன்கள் பாறையில் வழுக்கி ஒருத்தன் தலையில் ஒருத்தன் முட்டிக்கொண்டார்கள். டங்கென்று எங்களுக்கே கேட்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் அதற்கு அடுத்து என்ன செய்யும்? ஒரு தடவை முட்டினால் கொம்பு முளைக்குமே, அதனால் இன்னொரு தடவை முட்டிக்கொள்ள வேண்டும். இரண்டும் அழுதுகொண்டே, ஒன்றின் காதை ஒன்று பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து தயாரானதுகள்.

மனுஷன் துண்டோடு பாய்ந்தார். துண்டு ஆற்றோடு போயிற்று. அதைப் பற்றிக் கவலைப்படாமல் இரண்டு பேருக்கும் நடுவில் கையை நுழைத்துப் பிரித்தார்.

“ஏலே! ரெண்டாவது முட்டாதிய!”

“கொம்பு மொளைச்சிரும்ல?” என்றது அதில் ஒன்று.

“மொளைச்சா மொளைக்கட்டும். வெளிய மொளைச்சா ரம்பத்தை வச்சு அறுத்துக்கிடலாம். உள்ள ரத்தம் கசிஞ்சா எதை வச்சுலே அறுக்க?”

அவர் இடுப்பில் ஒன்றும் இல்லாமல் நின்று இந்த உபதேசத்தைச் செய்ததால் யாருக்கும் உபதேசம் ஏறவில்லை. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நான்தான் என் துண்டைக் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அந்த இரண்டு பிள்ளைகளையும் பாறையில் உட்கார வைத்து, தூங்கவும் விடாமல், தண்ணீரில் இறங்கவும் விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது நான் கேட்டேன். “சார், நல்லாருக்கியான்னு கேட்டா போதாதா? எதுக்கு இந்தக் கொழம்பு, கூட்டு, பொரியலெல்லாம்?”

மொபெட் சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்டது. கேட்ட பாதி இது. பட்டாளத்தில் ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஆடும்போது பக்கத்துக் கட்டில்காரன் ஒருத்தன் தலையில் அடிபட்டு விழுந்திருக்கிறான். எழுந்து சிரித்திருக்கிறான். இவர் “நல்லாருக்கியா?” என்று கேட்டிருக்கிறார். “நல்லாருக்கேன்” என்றிருக்கிறான். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை.

“நல்லாருக்கியான்னு கேட்டா எவனும் நல்லாருக்கேன்னுதான்யா சொல்லுவான். அது ஒரு கேள்வியா?” என்றார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இவ்வளவு தெரிந்தும் நான் செய்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன், சுற்றிச் சுற்றி வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் அப்போது எங்கள் கபடி குழுவுக்குக் கேப்டன். எங்கள் நம்பிக்கையே மாரீஸ்தான். மாரீஸ்வரன், என் மாமா மகன், பதினேழு வயசு. ரைடு போனால் இரண்டு பேரைத் தொடாமல் திரும்ப மாட்டான். மாமா இல்லை. அத்தைக்கு அவன் ஒரே பிள்ளை. “ஒன்ன நம்பித்தான் விளையாட விடுதேன்” என்று அத்தை என்னிடம் ஒவ்வொரு போட்டிக்கும் சொல்லித்தான் அனுப்புவாள்.

ஒரு போட்டியில் எங்கள் ஆள் ஒருத்தன் தலையில் அடிபட்ட பிறகு பருப்புக் குழம்பைச் சாம்பார் என்று சொல்லி வெளியே போனான். இரண்டும் ஒன்றுதானே என்று நாங்கள் கத்தியது எடுபடவில்லை. தோற்றோம். பரிசான ஆட்டுக்கிடாயை எதிர் அணிக்காரன் எங்கள் கண் முன்னாலேயே லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். அன்றைக்கு நான் ஒரு முடிவு பண்ணினேன்.

அடுத்த போட்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பு போகிற பாதையில். வேனில் போகும்போதே பயல்களிடம் சொல்லிவிட்டேன். “எல்லாரும் ஒரே பதில் சொல்லுங்கல. புளிக்கொழம்பு, அப்பளம். எவன் வீட்ல என்ன தின்னாலும் சரி.” வழி நெடுகப் பாட்டு மாதிரி பாட வைத்தேன். மறந்து தொலைத்தால் என் பக்கம் பார்க்க வேண்டும். அம்பயருக்குப் பின்னால் நின்று நான் சைகை காட்டுவேன். புளிக்கு முகத்தைச் சுளிப்பது, அப்பளத்துக்குக் கையை நொறுக்குவது. என்ன ஒரு மூளை எனக்கு! வேனே கைதட்டியது.

வரிசையில் ஏழு பேரும் ‘புளிக்கொழம்பு, அப்பளம்’ என்றதும் அவர் பேனாவை நிறுத்தினார்.

“என்னலே, ஏழு வீட்லயும் புளிக்கொழம்பா?”

“எங்க அத்தை வீட்ல எல்லாருக்கும் சாப்பாடு சார்” என்றேன் நான். நம்பி எழுதிக்கொண்டார்.

அரை இறுதி. மாரீஸ் ரைடு போனான். இரண்டு பேர் கால் பிடித்தார்கள், மூன்றாவது ஆள் மேலே விழுந்தான். அவன் முழங்கால் மாரீஸ் காதுக்கு மேல் இறங்கியது. விசில். மாரீஸ் எழுந்தான். எழுந்து எதிர் அணியின் பக்கம் நடந்தான். அங்கே போய் அவர்கள் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடித்தான். எங்கள் பயல்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கொழம்பு சார் அவன் முன்னால் போய் நின்றார். “தம்பி, இன்னைக்கு என்ன கொழம்பு?”

மாரீஸ் அவரைப் பார்த்தான். யாரோ வேற்று ஊர்க்காரன் வழி கேட்ட மாதிரி பார்த்தான். தின்ற சோறாக இருந்தால் நாக்காவது ஞாபகம் வைத்திருக்கும். இது தின்னாத சோறு, வேனில் படித்த பாடம். அவன் கண் அலைந்தது. அலைந்து என் மேல் நின்றது. நான் முகத்தைச் சுளித்தேன்.

“புளி... புளிக்கொழம்பு.”

“தொட்டுக்க?”

நான் கையை நொறுக்கினேன்.

“அப்பளம்.”

அவர் காகிதத்தைப் பார்த்தார், தலையாட்டினார், விசில் ஊதினார். என் பின்னால் பயல்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு அப்படி ஒரு பெருமை.

கொஞ்ச நேரத்தில் இரண்டாவது அடி. அது ஒரு அடியே இல்லை. கோட்டுக்குத் திரும்பும்போது மாரீஸ் எங்கள் பையன் ஒருத்தன் தோளிலேயே லேசாக இடித்துக்கொண்டான். அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்தான், வாந்தி எடுத்தான், படுத்தான். கண் திறந்துதான் இருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை.

வேனிலேயே தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கொழம்பு சார் மாரீஸ் தலையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தார். அத்தைக்கு போன் போயிருந்தது. ராஜபாளையத்திலிருந்து ஆட்டோவில் வந்துகொண்டிருந்தாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணில் லைட் அடித்துக்கொண்டே கேட்டார்.

“முதல்ல ஒரு அடி பட்டுதுன்னீங்களே, அப்ப எப்படி இருந்தான்? குழப்பமா பேசினானா? அப்பவே ஏதாவது மாறியிருந்துதா?”

கொழம்பு சார் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். “இல்ல டாக்டரம்மா. நான் கேட்டேன். எல்லாம் சரியாச் சொன்னான். மொத அடியில தெளிவா இருந்தான். ரெண்டாவதுலதான்...”

டாக்டர் அதை எழுத ஆரம்பித்தார். சொன்னால் என் கதி என்ன? அத்தை முகத்தில் எப்படி முழிப்பேன்? அந்த இடத்திலும் முதலில் என்னைப் பற்றித்தான் யோசித்தேன். இதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. பிறகு மாரீஸ் ஒரு சத்தம் போட்டான், குறட்டை மாதிரி. அதைக் கேட்டதும்தான் வாய் திறந்தது.

“இல்ல டாக்டர். மொத அடியிலயே அவனுக்கு ஒண்ணும் தெரியல. எதிர்த்தரப்புப் பக்கம் போய் நின்னான். பதிலை நான்தான் சைகை காட்டிச் சொல்லிக்கொடுத்தேன்.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்ட நேரம் இல்லை அவருக்கு. “மதுரைக்கு இப்பவே போகணும், ஸ்கேன் எடுக்கணும்” என்று போனை எடுத்தார். கொழம்பு சார் என் பக்கம் திரும்பவே இல்லை. காகிதத்தை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், அதற்கு மேல் மடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மாரீஸ் பிழைத்தான். மண்டையைத் திறந்து கசிந்த ரத்தத்தை எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று மதுரையில் சொன்னார்கள். ஊருக்குள் பேச்சு வேறு மாதிரி போயிற்று. ‘அந்த அம்பயர் முதல் அடியிலேயே பையனை வெளியே உட்கார வைத்திருக்க வேண்டாமா, பெரிய இவன் மாதிரி கேள்வி எல்லாம் கேட்டானே.’ எந்தக் கமிட்டியும் அவரை அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. நான் சொன்னது டாக்டருக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். எங்கள் பயல்களுக்குச் சைகை தெரியும், ஆனால் அவர்களும் அதில் கூட்டு. வாயைத் திறப்பார்களா?

மாம்பழ சீசனில் அவர் மாரீஸைப் பார்க்க வந்தார். ஒரு பை நிறைய சப்பட்டை மாம்பழம். நான் அங்கேதான் இருந்தேன். அத்தை என்னிடம் ஒரு பழத்தைக் கொடுத்து நறுக்கச் சொன்னாள். மாரீஸ் கட்டிலில் சாய்ந்திருந்தான். முடி பாதி வளர்ந்திருந்தது.

“சார், எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல” என்றான். “மொத அடிக்கே நான் ஒரு மாதிரி இருந்தேன்னு பாத்தவங்க சொல்லுதாங்க. நீங்க ஏன் சார் என்னை மறுபடி உள்ள விட்டிய?”

அத்தை அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அவளுக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது.

“கவனிக்காம விட்டுட்டேன்யா. என் தப்புதான்” என்றார் அவர்.

நான் மாம்பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. கொட்டை வரைக்கும் நறுக்கினேன்.

“நீங்க எந்திரிச்சுப் போங்க” என்றாள் அத்தை. அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும்கூட நான் போகவில்லை.

அடுத்த வாரம் டீக்கடையில் பிடித்துக் கேட்டேன். “நீங்க ஏன் சார் உண்மையைச் சொல்லல?”

“நான் சொன்னா அது கோள். நீ சொல்லு” என்றார். “என் மேலயும் தப்பு இருக்குல்ல. அவன் கண்ணு எங்க போகுதுன்னு நான் திரும்பிப் பாத்திருக்கணும். பாக்கல. எம்புட்டு வருசமா கேட்ட கேள்வி, பேப்பரைப் பாத்தேனே தவிர பையனைப் பாக்கல.”

அன்றிலிருந்து என்னைப் பார்க்கிற இடத்திலெல்லாம் அவருக்கு ஒரே கேள்விதான். “சொல்லிட்டியாலே?” பஸ் ஸ்டாண்டில், ரேஷன் கடையில், ஒரு கல்யாணத்தில் பந்தியில் எதிர் இலையிலிருந்து. நான் தலையைக் குனிந்துகொள்வேன். “சரி, சாப்பிடு” என்பார். அவரைக் கண்டாலே தெருவை மாற்றிப் போக ஆரம்பித்தேன். எரிச்சலாகக்கூட இருந்தது. இந்த ஆளுக்கு வேறு வேலை இல்லையா, ஓய்வெடுக்கிற வயசில் என் உயிரை ஏன் வாங்குகிறார் என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

கடைசியாகப் பார்த்தபோது அவர் அதைக் கேட்கவில்லை. “டீ குடிக்கியா?” என்று மட்டும் கேட்டார். நான் குடித்தேன். அவர் கேட்காமல் விட்டது எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் சுரீர் என்றது. மனுஷன் என்னைக் கைவிட்டுவிட்டார்.

போன மாதம் இறந்துபோனார். நெஞ்சு வலி. ஆயுசு முழுக்க மண்டையைக் காபந்து பண்ணியவருக்கு எமன் வேறு வழியாக வந்தான். இதைச் சொல்லிச் சிரிக்க அவரே முதல் ஆளாக இருந்திருப்பார். மாலை போட்டுவிட்டு வந்தேன். அத்தை வரவில்லை, மாரீஸையும் விடவில்லை. “அந்த ஆளு எழவுக்கா?” என்றாள்.

அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி அச்சில் வந்துவிட்டால் சொன்ன மாதிரி ஆகிவிடும், அவர்களே படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு திட்டம். கோழைக்கு இப்படித்தானே திட்டம் தோன்றும். ஆனால் அது நடக்காது. மாரீஸால் இப்போது இரண்டு பக்கத்துக்கு மேல் படிக்க முடியாது. எழுத்து ஆடுகிறது, தலை வலிக்கிறது என்று வைத்துவிடுவான். அத்தைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அதனால் இதை நான்தான் அவர்கள் எதிரில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் வீட்டில்தான் இருப்பார்கள்.